கரணையும் சான்றிதழும்

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையினின்றும் சிறிது விலகிச் சென்றால் மண்டகப்பட்டு என்னும் சிற்றூரை அடையலாம். ஆங்கு ஒரு பாறையின் முகத்தைக் குடைந்து அமைத்த கோயில் ஒன்று உளது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசாண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் அதனைக் குடைவித்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்புச் சாந்து ஆகிய எதனையும் கொள்ளாமல் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவர்க்கும் இவ்விருப்பிடத்தை அமைத்ததாக அவன் அங்கு வடமொழியில் வெட்டுவித்த கல்வெட்டுக் கூறுகின்றது. திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கையிலும், செஞ்சி செல்லும் வழியிலுள்ள தளவானூரிலும் இத்தகைய குடைவரைகள் உள. மண்டகப்பட்டில் அரசனது சிறப்புப் பெயர் உளது. எவ்வெப் பொருள்களைத் தவிர்த்தான் என்னும் செய்தியும் உளது. உளி பிடித்தவன் பெயர் மட்டும் இல்லை.

எல்லா இடத்தும் இங்ஙனமே என்று கருதிவிடுதல் வேண்டா. மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் ஒரு பாறையின்மேல் கேவாதப் பெருந்தச்சன் முதலிய சிலருடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டு ஒன்றில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்னும் பெயர் காணப்படுகின்றது. 'பெருந்தச்சன்' என்பது பிறந்தபொழுது தாய்தந்தையர் இட்ட பெயரன்று. தொழிலில் தலைமை எய்தியவனுக்கு உரிய பட்டம். அதன் முன்னர் அரசனுடைய பெயரும் சேர்ந்து நிற்குமாயின், அத்தச்சனது திறமையை நாடாள்வோனே ஏற்றுக்கொண்டான் என்பது வெளிப்படை. இக்காலத்தில் 'தகுதிச் சான்று' என்று நாம் வழங்குவதன் பழைய வடிவம் அதுவே எனலாம்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையும் ஈண்டு நினைக்கத்தக்கது. நடுப்பகலில் கோல்களின் நிழலைக் கண்டு திசையறிந்து, கயிறு பிடித்து நிலத்தை அளந்து, அரண்மனைக்கு மனை வகுத்தவரை அந்நூல் புலவர் என்னும் பெயராலேயே குறிக்கின்றது. பாட்டு இயற்றுவோர்க்குரிய அப்பெயரை மனை அளப்போர்க்கும் வழங்கினர் நம் முன்னோர். மனை வகுத்தலையும் ஒரு கல்வியாக அவர்கள் மதித்தனர் என்பதற்கு இதனினும் வேறு கரி வேண்டா.

சிற்றூர் வாழ்க்கையில் இத்தகைய பட்டமும் எழுத்தும் பெரும்பாலும் வேண்டப்படவில்லை. கொத்து வேலை அறிந்தவர் இன்னார் என்பது ஊரறிந்த செய்தி. அவர் எவரிடம் தொழில் பயின்றார், எவ்வீட்டுச் சுவரை எழுப்பினார், அச்சுவர் எத்தனை மழைக்கு நின்றது என்பனவற்றை ஊரார் தாமே கண்டிருந்தனர். சுவரே சான்றாக நின்றது. 'சான்று' என்னும் சொல்லையும் 'சான்றோர்' என்னும் சொல்லையும் 'சால்' என்னும் ஒரே அடியிலிருந்து பிறந்தனவாகக் கூறுவர். நிறைவு என்பது அதன் பொருள்.

இன்றைய நிலை வேறு. சென்னையிலிருந்து தெற்கே வரும் பெருவழியில், புதுச்சேரிக்குச் செல்லும் சாலை பிரியும் இடம் திண்டிவனம். விழுப்புரமோ பல திசை இருப்புப்பாதைகள் வந்து கூடும் சந்திப்பு. இவ்விரு நகரங்களையும் சூழ்ந்த சிற்றூர்களில் மழை பொய்த்து, நிலத்தில் வேலை குறைந்த நாள்களில் ஆடவரும் மகளிரும் கட்டட வேலையை நாடிச் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் பெங்களூருக்கும் செல்கின்றனர். கடல் கடந்து செல்வாரும் உளர். அங்ஙனமே பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் தொழிலாளர் பலர் தமிழ்நாட்டிற்கு வருகின்றனர். எழுப்பிய சுவர் ஓரூரில் நிற்க, எழுப்பியவர் வேறோர் ஊரில் நின்று வேலை கேட்கின்றார். சுவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட இயலுமோ? ஆதலின் தாளில் எழுதிய சான்று இன்றியமையாததாயிற்று.

வேலையிடத்தில் வழங்கும் பெயர்களை முதலில் அறிந்துகொள்ளுதல் நன்று. கலவை குழைத்தல், செங்கல் எடுத்துக் கொடுத்தல், சட்டி சுமத்தல் ஆகியவற்றைச் செய்பவர் சித்தாள். சிறுமை என்பது ஆள் என்பதனோடு சேர்ந்து சிற்றாள் என நின்று, பேச்சு வழக்கில் சித்தாள் எனத் திரிந்தது. கரணை பிடித்துச் சுவர் கட்டுபவர், பூச்சுப் பூசுபவர் கொத்தனார். பல கொத்தனார்களையும் சித்தாள்களையும் வைத்து வேலை நடத்துபவர் மேஸ்திரி. இச்சொல் நம்முடையதன்று, போர்த்துக்கேசியர் விட்டுச் சென்றது. இவர்களையன்றிக் கம்பி கட்டுவோர், சென்ட்ரிங் பலகை அடிப்போர், சாரம் கட்டுவோர், தளக்கல் பதிப்போர், வண்ணம் பூசுவோர், குழாய் இணைப்போர், மின்கம்பி இழுப்போர் எனப் பல திறத்தினர் உளர். இவருள் ஒருவர் அறிந்த வேலையை மற்றவர் அறியார். எனினும் வெளியார் இவர்கள் அனைவரையும் 'கட்டட வேலைக்காரர்' என ஒரே பெயரால் அழைத்துவிடுகின்றனர்.

விடியற்காலையில் சாலைச் சந்திகளில் இவர்கள் கூடி நிற்பர். வேலைக்கு ஆள் தேடி வருபவர், "கொத்தனாரா? சித்தாளா?" என்று வினவுவார். எதிரில் நிற்பவர் கூறும் விடையும், கையிலுள்ள கரணையுமே அப்பொழுது அடையாளம். சில நாள் சித்தாளாக இருந்தவரும் ஒரு கரணை வாங்கிக்கொண்டு, 'கொத்தனார்' என்று கூறிவிடலாம். முப்பது ஆண்டு பழகியவரும் அதே சொல்லைத்தான் கூற இயலும். இருவரையும் வேறுபடுத்திக் காண்பதற்கு வந்தவரிடம் வழியொன்றும் இல்லை. ஆகவே அவர் கூலியைக் குறைத்தே பேசுவார். தகுதியற்றவன் பெறும் கூலிக்குத் தகுதியுடையவனும் இறங்கிவர நேர்கின்றது. சான்றில்லாமையால் விளையும் முதல் இழப்பு இது.

இரண்டாவது இழப்பு இதனினும் கொடிது. அதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். செங்கற் சுவரில் நேரும் பிழை கண்ணுக்குப் புலனாகும். தூக்குக்குண்டை மேலிருந்து விட்டுப் பார்த்தால் சுவரின் சாய்வு தெரியும். ரசமட்டத்தை வைத்தால் வரிசையின் ஏற்றத்தாழ்வு தெரியும். மூலைமட்டத்தை வைத்தால் கோணல் தெரியும். மேல்வரிசைச் செங்கலின் இணைப்புக் கீழ்வரிசை இணைப்பின்மேல் நேராக விழுந்துள்ளதா என்பதைச் சிறுவனும் கண்டு கூறலாம். கான்கிரீட்டோ அங்ஙனமன்று. கம்பிகளை உரிய இடத்தில் நிறுத்தாமல் பலகையோடு ஒட்டக் கிடத்திவிட்டால், வார்த்த பின்னர் அது வெளியே தெரியாது. கம்பியைச் சுற்றி உரிய கனத்திற்குக் கலவை மூடியிருத்தல் வேண்டும். அதற்காகவே சிறு கட்டைகளைக் கம்பியின் அடியில் வைத்துக் கட்டுகின்றனர். அக்கட்டைகளை வைக்க மறந்தால், ஈரம் புகுந்து கம்பி துருவேறி, சில ஆண்டுகளுக்குப் பின்னர்க் கூரையின் அடிப்புறம் பெயர்ந்து விழும். கலவை இளகி எளிதில் ஓடவேண்டும் என்று அளவுக்கு மிஞ்சி நீர் ஊற்றினால், அந்நேரத்திற்கு வேலை எளிதாகும். இறுகிய பின்னர் வலிமை குன்றும். வார்த்த கான்கிரீட்டைச் சாதாரணச் சிமெண்டாயின் 7 நாளேனும் ஈரம் உலராமல் காத்தல் வேண்டும் என இந்தியத் தர நிறுவனத்தின் விதி கூறுகின்றது. வெயில் மிக்க நம் பக்கத்தில் 10 நாள் நனைத்தலே நன்று. இவ்வளவையும் செய்பவர் பொறியாளர் அல்லர். கம்பி கட்டுபவரும் கொத்தனாருமே. அவர் செய்யும் வேலை மறைந்துவிடும் இயல்பினதாகலின், செய்பவரை முன்னரே அறிந்து கொள்ளுதல் அன்றி வேறு காப்பு இல்லை.

2014ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று மழைபெய்து கொண்டிருந்த மாலைப்பொழுதில் இடிந்து வீழ்ந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அவ்வீழ்ச்சியின் பழியைக் கொத்தனார்மேலும் சித்தாள்மேலும் ஏற்றுதல் அறமன்று. எனினும் இடிபாட்டினுள் அகப்பட்டு மாண்டவர்களில் மிகப் பெரும்பாலார் அத்தொழிலாளரே என்பதை மறத்தலும் ஆகாது. தாம் நிற்கும் சாரமும் தாம் ஏறும் தளமும் எத்தன்மையன என அறியும் அறிவு, பிறர் வீட்டைக் காப்பதற்கு முன்னர்த் தொழிலாளியின் உயிரைக் காப்பது. வேறு நாடுகளில் தகுதி அட்டை பெறுவதற்கு முதலிற் கேட்கும் கேள்விகள் தொழில் நுட்பத்தைப் பற்றியன அல்ல, உயிர்க்காப்பைப் பற்றியன என்பதன் காரணமும் இதுவே.

இனி, "எங்கள் வீட்டிலும் அட்டை இருக்கின்றதே" என்று மாணவர் சிலர் கூறலாம். ஆம், இருக்கின்றது. அது யாது எனக் காண்போம். தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்க்கெனச் சட்டம் ஒன்று 1982ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994ஆம் ஆண்டில் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் தோன்றியது. பின்னர் 1996ஆம் ஆண்டில் நடுவணரசு இரு சட்டங்களை இயற்றியது. ஒன்று கட்டடத் தொழிலாளரின் வேலை நிலையையும் நலத்தையும் பற்றியது. மற்றொன்று, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்றுக்குக் குறையாமலும் இரண்டுக்கு மேற்படாமலும் ஒரு வரி பெற்று அந்நலத்திற்குச் செலவிட வகை செய்வது. இவ்விரண்டின் பொருளும் 2020ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளினுள் சேர்க்கப்பட்டது. வாரியத்தில் பதிந்துகொண்ட தொழிலாளிக்கு ஓர் அடையாள அட்டை வழங்கப்படும். அதனைக் கொண்டு மக்களின் கல்விக்கும் திருமணத்திற்கும் மகப்பேற்றிற்கும் உதவி பெறலாம். அறுபது வயது கடந்தபின் ஓய்வூதியம் பெறலாம். விபத்து நேர்ந்தால் குடும்பம் உதவி பெறும். இந்நன்மைகள் எளியன அல்ல. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ பிள்ளைகளின் கல்விச் செலவுக்கு அவ்வட்டை துணையாக நிற்கின்றது. இதனைப் பெறாதவர் பெற்றுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆனால் அவ்வட்டை கூறுவது, 'இவர் கட்டடத் தொழிலாளி' என்னும் ஒன்றையே. 'இவர் இவ்வேலையை இவ்வளவு திறமையாகச் செய்வார்' என்று அது கூறுவதில்லை. கூறவேண்டும் என்று அது வகுக்கப்படவுமில்லை. குடும்ப அட்டை வைத்திருப்பவர் அரிசி பெறத் தகுதியுடையவர். சமைக்கத் தெரிந்தவர் என்று அவ்வட்டை உறுதி கூறுவதில்லையன்றோ? உரிமையைக் காட்டும் அட்டை வேறு; திறமையைக் காட்டும் சான்று வேறு. இரண்டையும் ஒன்றாகக் கருதி மயங்குவோர் படித்தவர்களுள்ளும் உளர்.

திறமைக்குச் சான்றளிக்கும் முறைகள் நம் நாட்டில் இல்லாமல் இல்லை. விடுதலை பெற்ற சின்னாட்களில், 1950ஆம் ஆண்டில், கைவினைஞர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. 1956இல் தேசியத் தொழிற்பயிற்சிக் குழு அமைந்தது. 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. இவற்றின் பயனாக நாடெங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் எழுந்தன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசினர் நிலையங்கள் உள்ளன. மின்பணி, பொருத்துநர் பணி, பற்றவைப்பு முதலிய தொழில்களை ஓராண்டோ ஈராண்டோ பயின்று தேர்வெழுதித் தேசியச் சான்றிதழ் பெறுதல் இவ்வழி. பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்க்கு இது தக்க வழியே. ஆயின் பன்னிரண்டு வயதிற் சட்டி சுமக்கத் தொடங்கி, நாற்பதாம் வயதில் எத்துணை நுணுக்கமான வேலையையும் செய்யவல்லவராய் விளங்கும் ஒருவர், ஓராண்டுக் கூலியை விட்டுவிட்டு மாணவர் வரிசையில் அமர இயலுமா? இயன்றாலும், அறிந்ததை மீண்டும் அவருக்குக் கற்பிப்பதனால் ஆவது யாது?

இவ்வினாவிற்கு விடையாகவே பிற்காலத்தில் ஒரு முறை வகுக்கப்பட்டது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு அறிவிக்கப்பட்டது. எத்தொழிலாயினும் அதனைப் படிகளாகப் பகுத்து, ஒவ்வொரு படியிலும் இருப்பவர் இன்னின்ன செய்ய வல்லவராதல் வேண்டும் என்று வரையறுப்பது அதன் நோக்கம். முதலில் 10 படிகள் இருந்தன. 2023இல் அவை 8 ஆகத் திருத்தப்பட்டன. 2015ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தொடங்கிய பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தில், 'முன்கற்றலை ஏற்றல்' என்னும் பகுதியும் இடம்பெற்றது. எங்கே கற்றாய் என்று அம்முறை கேட்பதில்லை. செய்து காட்டு என்று மட்டும் கேட்கின்றது. சில மணி நேரம் வழிகாட்டிய பின்னர், மதிப்பிடுவோர் வந்து தொழிலாளியை வேலை செய்யச் சொல்லிப் பார்ப்பர். சில கேள்விகளும் கேட்பர். தேறியவர்க்கு உரிய படியைக் குறித்துச் சான்றிதழ் வழங்குவர். கொத்தனார், கம்பி கட்டுநர், சென்ட்ரிங் தச்சர் ஆகியோர்க்குத் தனித்தனியே தகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. வாழ்க்கையிற் கற்றதையும் கல்வியென ஏற்றுக்கொண்ட இம்முறை, நெடுநல்வாடைப் புலவரின் நோக்கத்தோடு ஒத்ததே என்பது என் கருத்து.

இதற்கு நெடுநாள் முன்னரே நம் மாநிலத்தில் நடந்துவரும் ஒரு தேர்வை இவ்விடத்துக் குறிப்பிடாமல் விடுதல் முறையன்று. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்பது அதன் பெயர். மின்கம்பி இழுக்கும் வேலையில் ஐந்தாண்டுப் பட்டறிவும், இருபத்தொரு வயது நிறைவும் உடையவர் அத்தேர்விற்கு வரலாம். மின்சாரம் தவறியவரைப் பொறுப்பதில்லை. பிழைசெய்த அக்கணத்திலேயே ஒறுத்துவிடும். ஆகவேதான் அத்தொழிலில் மட்டும் உரிமமும் தகுதிச் சான்றும் பண்டே வேரூன்றின. மண்ணும் சுண்ணாம்பும் மெல்ல ஒறுப்பன. மெல்ல வரும் தண்டனையை மக்கள் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

அயல்நாட்டு வழக்கையும் சிறிது காண்போம். சிங்கப்பூரில் வேலை செய்ய விரும்பும் இந்தியக் கட்டடத் தொழிலாளர், கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன்னரே தம் நாட்டில் தேர்வு கொடுத்துத் தேறுதல் வேண்டும். அந்நாட்டுக் கட்டட ஆணையம் ஏற்றுக்கொண்ட தேர்வு நிலையங்கள் சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இயங்கி வந்துள்ளன. தளக்கல் பதித்தல், கம்பி கட்டுதல், பலகை அடித்தல், குழாய் இணைத்தல் என ஏதேனும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு பயிற்சி பெற்று, குறித்த நேரத்திற்குள் குறித்த அளவுப்படி செய்து காட்டுதல் வேண்டும். ஆங்குச் சென்ற பின்னரும் உயிர்க்காப்புப் பாடம் ஒன்றில் தேறாமல் வேலையிடத்தினுள் காலடி வைத்தல் இயலாது. அன்றியும், தகுதி உயர்ந்த தொழிலாளியை வைத்துக்கொள்ளும் முதலாளி அந்நாட்டரசுக்குச் செலுத்தவேண்டிய தீர்வை குறைவு. இவ்வேற்பாட்டின் நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். திறமையுடையவனை வேலைக்கு வைப்பது முதலாளிக்கே ஊதியமாகும்படி அவர்கள் செய்துவிட்டனர். தமிழகத்தினின்று சென்ற பலர் அங்கே படிப்படியாகத் தகுதி உயர்ந்து மேற்பார்வையாளராகவும் விளங்குகின்றனர். ஆயினும் தேர்வுக்கும் பயணத்திற்கும் கடன் பட்டு, அக்கடனை அடைப்பதற்கே முதலிரண்டு ஆண்டுக் கூலியை இழந்தாரும் உளர். சான்றிதழின் விலையை யார் தருவது என்பது சிறிய கேள்வியன்று.

இங்கிலாந்தில் 1995ஆம் ஆண்டு முதல் கட்டடத் தொழிலாளர்க்குத் திறன் அட்டை வழங்கும் முறை நடந்துவருகின்றது. பொது வேலை செய்பவர்க்குப் பச்சை, தேர்ந்த தொழிலாளர்க்கு நீலம், அவரினும் உயர்ந்தோர்க்கும் மேற்பார்வையாளர்க்கும் பொன்னிறம், நிருவாகிகளுக்குக் கறுப்பு என அட்டையின் நிறமே தகுதியைக் கூறிவிடும். இதனைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. ஆனால் பெரிய ஒப்பந்தக்காரர்கள் அட்டை இல்லாதவரை வாயிலிலேயே நிறுத்திவிடுவர். ஆகவே சட்டம் செய்ய வேண்டியதை வழக்கமே செய்துவிட்டது.

அம்முறை தோன்றியபொழுது, தேர்வெழுதாமல் நெடுநாள் வேலைசெய்து பழகியவர்களை என்செய்வது என்னும் கேள்வி ஆங்கும் எழுந்தது. அத்தகையோர்க்கு முதலாளியின் பரிந்துரையின் பேரில் அட்டை வழங்கினர். பின்னர் 2010ஆம் ஆண்டில் அவ்வழியாகப் புதியவரைச் சேர்த்துக்கொள்ளுதலை நிறுத்தினர். முன்னர்ப் பெற்றிருந்தோரின் அட்டைகளும் 2024ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளோடு முடிவுறும் என அறிவித்து, தொடர்ந்து அட்டை வேண்டுவோர் ஏற்புடைய தகுதியைப் பெற்றாக வேண்டும் என விதித்தனர். முப்பது, நாற்பது ஆண்டு சுவர் கட்டிய முதியவர்களும் மதிப்பிடுவோர் முன் நின்று தம் வேலையை மெய்ப்பிக்க நேர்ந்தது.

இது தக்கதோ என மாணவர்கள் தமக்குள் வழக்காடிப் பார்க்கலாம். தக்கதன்று என்பார் கூறுவது: எழுப்பிய ஆயிரம் சுவர்களுக்கு மேல் அவர் காட்டவேண்டிய சான்று வேறு யாது? மனம் புண்படுமாறு முதியவரை ஏன் சோதித்தல் வேண்டும்? தக்கது என்பார் கூறுவது: நெடுநாள் செய்தமையும் நன்றாகச் செய்தமையும் ஒன்றல்ல, பிழையையே முப்பதாண்டு பழகினவரும் இருக்கலாம், அன்றியும் பொருள்கள் மாறுகின்றன, கருவிகள் மாறுகின்றன, உயிர்க்காப்பு விதிகள் மாறுகின்றன. எனக்கு இரண்டாவது கட்சியே வலியுடையதாகத் தோன்றுகின்றது; ஆனால் ஒரு நிபந்தனையோடு. சோதனை அவர் வேலை செய்யும் இடத்திற்கு வருதல் வேண்டும். அவர் மொழியில் நடைபெறுதல் வேண்டும். அந்நாளின் கூலியை அவர் இழத்தல் ஆகாது. எழுதப் படிக்க அறியாத கொத்தனாரை எழுத்துத் தேர்வில் அமர்த்துவது, நீந்தவல்லானைக் கரையில் நிறுத்தி நீச்சல் பற்றிக் கட்டுரை வரையச் சொல்வது போலாகும்.

நாட்கூலியின் செய்தி மெய்யாகவே பெரிய தடை. ஒரு வாரம் பயிற்சிக்குச் சென்றால் அவ்வாரம் அடுப்பெரிவது எங்ஙனம்? தமிழ்நாட்டில், சென்னைக்குத் தெற்கே தையூரில் அமைந்த கட்டுமானப் பயிற்சிக் கழகத்தில், நலவாரியத்தில் பதிந்த தொழிலாளர்க்கு ஒரு வாரப் பயிற்சியும் அதனினும் நீண்ட பயிற்சியும் அளித்து, இழக்கும் கூலிக்கு ஈடாக நாள்தோறும் ஒரு தொகையும் கொடுக்கத் திட்டம் வகுத்தனர். வாரியத்தின் பணத்தை இவ்வாறு செலவிடுதல் பொருத்தமானது. உரிமை அட்டையின் நிதியினின்றே திறமைச் சான்றும் பிறக்குமாயின், முன்னர் நாம் பிரித்துக் கண்ட இரண்டும் ஒன்றற்கொன்று துணையாகும்.

குறைகளும் உள. பயிற்சி அளியாமலே பயிற்சி அளித்ததாக எழுதிக்கொள்வோர் எத்தொழிலிலும் இருப்பர். பணத்திற்குக் கிடைக்கும் தாளால், உண்மையாகத் தேறியவரின் தாளும் மதிப்பிழக்கும். கள்ளநாணயம் புழங்கும் சந்தையில் நல்ல நாணயத்தையும் தட்டித்தட்டிப் பார்ப்பரன்றோ? மேலும், சான்றிதழைக் காட்டினாலும், "அதெல்லாம் இருக்கட்டும், கூலி என்ன கேட்கின்றாய்?" என்று வினவும் மேஸ்திரிகளே மிகுதி. வீடு கட்டுவிப்போருள் எத்தனை பேர் கொத்தனாரின் தகுதியைக் கேட்டறிகின்றனர்? சிமெண்டின் பெயரையும் கம்பியின் பெயரையும் தேர்ந்து தேர்ந்து வாங்குகின்றவர், அவற்றைக் கையாளும் கையைப்பற்றி ஒரு சொல்லும் கேளாமல் விட்டுவிடுகின்றார். கேட்பார் இல்லாத பொருளை எவரும் முயன்று தேடமாட்டார்.

மகளிரைப் பற்றியும் கூறுதல் வேண்டும். கட்டட வேலையில் ஆடவர் சித்தாளாகத் தொடங்கிச் சில ஆண்டுகளிற் கரணை பிடிப்பர், கொத்தனாராவர், சிலர் மேஸ்திரியும் ஆவர். பெண்ணோ சித்தாளாகத் தொடங்கிச் சித்தாளாகவே முதுமை எய்துகின்றாள். இருபது ஆண்டு கலவை குழைத்தவளுக்கு அதன் பதம் கொத்தனாரினும் நன்கு தெரியும். செங்கல்லை நீரில் ஊறவைக்கும் அளவும் தெரியும். எந்தக் கொத்தனார் கை திருத்தமானது என்பதும் தெரியும். கரணையை மட்டும் அவளிடம் எவரும் கொடுப்பதில்லை. பெண்ணாற் செய்ய இயலாத வேலையோ அது? சார்க்கண்டு மாநிலத்தில் ஊர்ப்புறக் கழிவறைகள் கட்டும் பணி பெருகிய காலத்தில், கொத்தனார் போதாமையால் மகளிர்க்கு அத்தொழிலைக் கற்பித்தனர். அவர்களை 'இராணி மிஸ்திரி' என்று அழைத்தனர். அவர்கள் கட்டிய கட்டடங்கள் நன்றாகவே நிற்கின்றன. 'எத்தனை ஆண்டு கொத்தனாராக இருந்தாய்?' என்று கேட்கும் முறையில் பெண்ணுக்கு விடையில்லை. 'கட்டிக் காட்டு' என்று கேட்கும் முறையில் அவளுக்கும் ஓர் இடம் உண்டு.

கட்டிக் காட்டும் தேர்வு எவ்வாறு நடைபெறும் என அறிய மாணவர்க்கு விருப்பம் உண்டாகலாம். ஒரு மூலையோடு கூடிய சிறு சுவரை எழுப்பச் சொல்வர். செங்கல், மணல், சிமெண்டு, நீர் அங்கே இருக்கும். கரணையும் நூலும் மட்டக்கோலும் இருக்கும். தேர்வுக்கு வந்தவர் முதலில் தரையைத் துப்புரவு செய்கின்றாரா, தலைக்கவசம் அணிகின்றாரா, அளவைப் படித்து நூல் பிடிக்கின்றாரா, கலவையின் அளவைக் கணக்கிட்டுக் குழைக்கின்றாரா என ஒவ்வொன்றையும் மதிப்பிடுவோர் குறித்துக்கொள்வர். வரிசைகள் ஏறும். இணைப்புகளில் சாந்து நிரம்பியுள்ளதா, மூலை சதுரமாக உள்ளதா எனப் பார்ப்பர். முடிவில் சுவரின் மேல்விளிம்பிலிருந்து தூக்குக்குண்டை இறக்குவர். குண்டின் ஆட்டம் அடங்கியவுடன், நூலுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவை மேலே ஒருமுறை, நடுவே ஒருமுறை, அடியில் ஒருமுறை அளந்து, மூன்று எண்களையும் தாளில் எழுதிக்கொள்வர்.